சேற்றுக் குமிழியில் மீத்தேனைக் கண்டவர் வோல்ட்டா: சாண எரிவாயு விவசாயிகளுக்கு ஒரு பாடம்

உங்கள் சாண எரிவாயு அடுப்பில் எரியும் நீலச் சுடருக்கும், மோட்டாருக்கு வரும் மின்னழுத்தத்தை அளக்கும் 'வோல்ட்' என்ற பெயருக்கும் ஒரே மனிதர்தான் காரணம். அவர் இத்தாலியைச் சேர்ந்த அலெசாண்ட்ரோ வோல்ட்டா.

1745-ல் கோமோ நகரில் பிறந்த அவர், அங்குள்ள பள்ளியில் இயற்பியல் கற்பித்தார். 1776 நவம்பரில் மஜோரே ஏரியின் கரையோரச் சதுப்பில் சேற்றைக் குச்சியால் கிளறினார். மேலே வந்த குமிழிகளை, தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த குடுவையில் பிடித்துத் தீ வைத்துப் பார்த்தார். அது நீல நிறத்தில் எரிந்தது. அதுதான் மீத்தேன். சேற்றுக்குள் அழுகும் செடிகொடிகளில் இருந்தே இது வருகிறது என்று சரியாகக் கணித்து, மறு ஆண்டே நூலாக வெளியிட்டார். 1779-ல் பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1800-ல் மின்கலத்தை உலகுக்கு அறிவித்தார். 1827-ல் காலமானார்.

ஆனால், அந்த வாயுவை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்பது அவர் காலத்துக்குப் பிறகே தெரிய வந்தது. சேற்றில் நடப்பதுதான் உங்கள் கலனுக்குள்ளும் நடக்கிறது. ஒரு கூட்டம் சாணத்தில் உள்ள நாரையும் மாவையும் உடைக்கிறது. அடுத்த கூட்டம் அதை அமிலமாக்குகிறது. கடைசிக் கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தருகிறது. இந்தக் கடைசிக் கூட்டம் மெதுவாகப் பெருகும். காற்றுப் பட்டால் செத்துவிடும். புளிப்பு ஏறினாலும் முடங்கிவிடும்.

எனவே நீங்கள் கவனிக்க வேண்டியவை:

* சாணமும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, தினமும் ஒரே அளவாக ஊற்றுங்கள்.
* சமையல் கழிவு, பழக்கழிவு சேர்ப்பதானால் முதலில் கொஞ்சமாகத் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுங்கள். புதுத் தீனிக்கு மாடு பழகுவது போலவே நுண்ணுயிர்களும் பழக வேண்டும்.
* சோப்புத் தண்ணீர், பூச்சிமருந்து, நோய்க்கு ஊசி போட்ட மாட்டின் சாணம் ஆகியவற்றைக் கலனில் சேர்க்காதீர்கள்.
* புளித்த நாற்றம் வந்து வாயு குறைந்தால் கலன் கெட்டுவிட்டது என்று கைவிடாதீர்கள். சில நாள் தீனியை நிறுத்துங்கள். பிறகு நன்றாக ஓடும் கலனில் இருந்து கொஞ்சம் கரைசல் வாங்கி ஊற்றி, சாணத்தைக் குறைந்த அளவில் மீண்டும் தொடங்குங்கள்.

தொழுவத்து மாட்டைப் போலவே கலனுக்குள் இருப்பதும் உயிர்தான். நேரத்துக்கு அளவாகத் தீனி போட்டால் அடுப்பு அணையாது.