துபாசி ஆனந்தரங்கம் பிள்ளை

கருநாடகப் போர்க்காலத்தில் நம் கள்ளக்குறிச்சியை அடுத்த தியாகதுருகக் கோட்டைக்காகப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதினர். அக்கால அரசியலைத் தமிழில் பதிவுசெய்த பெருமகனார் ஆனந்தரங்கம் பிள்ளை ஆவார்.

1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்த இவர், 1747இல் புதுச்சேரி ஆளுநர் டியூப்ளேயின் தலைமைத் துபாசியானார். துபாசி என்பதற்கு இருமொழியாளர் என்பது பொருள். சந்தா சாகிபு போன்றோருடன் பிரெஞ்சு அரசு கொண்ட உறவுகளில் இவரது பங்கு பெரிது. பன்மொழியறிவே இவரை உயர்த்தியது.

1756இல் பதவி பறிபோயிற்று. எனினும் எழுதுகோலை விட்டாரல்லர். 1736இல் தொடங்கிய நாட்குறிப்பை, மறைந்த ஆண்டாகிய 1761 வரை தொடர்ந்தார். அது ஆங்கிலத்தில் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்து உலக வரலாற்றறிஞர்க்குச் சான்றாயிற்று.

பிறமொழிகளால் வாழ்ந்தவர் தம் உள்ளத்தைத் தமிழிலேயே எழுதினார் என்பதை மாணவர்க்கு நினைவூட்ட விழைகிறோம்.