மன்னருக்கு வாத்தியார்!

குட்டீஸ்... வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னால், சிலருக்கு முதல் எழுத்திலேயே வார்த்தை சிக்கிக் கொள்ளும். பின்பெஞ்சில் யாராவது சிரித்துவிட்டால் போச்சு, இன்னும் அதிகமாகத் திக்கும். இதே கஷ்டம் இங்கிலாந்து மன்னர் ஒருவருக்கும் இருந்தது. அவருக்குக் கைகொடுத்த வாத்தியார்தான் லயனல் லோக். அந்த வாத்தியாருக்குக் கைகொடுத்தவர், அவருடைய மனைவி மிர்ட்டில்.

ஆஸ்திரேலியாவில் உள்ள அடிலெய்டு நகரில், 1880ம் ஆண்டு, பிப்ரவரி 26ம் தேதி பிறந்தார் லோக். சிறுவயதிலிருந்தே கணீர் என்று பேசுவதில் அவருக்கு ஆசை. மேடைப்பேச்சுக் கலையை முறையாகக் கற்றார். பெர்த் நகரில் குடியேறி, நாடகங்களில் நடித்தார். மற்றவர்களுக்கு மேடையில் பேசக் கற்றுக் கொடுத்தார். 1907ம் ஆண்டு, மிர்ட்டிலைத் திருமணம் செய்து கொண்டார். மூன்று ஆண் குழந்தைகள் பிறந்தன. நல்ல பெயர், நிறைய மாணவர்கள் என்று வாழ்க்கை அமைதியாகப் போய்க் கொண்டிருந்தது.

அப்போது முதல் உலகப்போர் வந்தது. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் பலரால் சரியாகப் பேச முடியவில்லை. சிலருக்குக் குண்டுச் சத்தத்தின் அதிர்ச்சி. சிலருக்கு விஷவாயுவின் பாதிப்பு. மூச்சை எப்படி இழுப்பது, எப்படி விடுவது என்று அவர்களுக்குப் பொறுமையாகப் பயிற்சி தந்தார் லோக். வேடிக்கையாகப் பேசிச் சிரிக்க வைத்து, பயத்தைப் போக்கினார். பலருக்குப் பேச்சு திரும்பியது. மேடைப்பேச்சு சொல்லிக் கொடுத்தவர், பேச்சுக் குறைக்குப் பயிற்சி தருபவராக மாறியது இப்படித்தான்.

இந்தப் புதிய வேலையைப் பெரிய நகரத்தில் செய்து பார்க்க நினைத்தார் லோக். அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. மருத்துவப் பட்டம் கிடையாது. லண்டனிலோ தெரிந்தவர்கள் அதிகம் இல்லை. கடைக்குட்டிப் பையன் இன்னும் பள்ளிக்கூடமே போகவில்லை. இந்த நிலையில், வசதியாக இருந்த ஊரை விட்டுவிட்டு, கடல் கடந்து போவது சாதாரண விஷயமா?

மிர்ட்டில் சம்மதிக்காமல் இருந்திருந்தால், லோக் பெர்த் நகரிலேயே இருந்திருப்பார். ஆனால், மிர்ட்டில் பிள்ளைகளோடு கிளம்பிவிட்டார். 1924ம் ஆண்டு, பல வாரங்கள் கப்பலில் பயணம் செய்து, ஐந்து பேரும் லண்டன் வந்து சேர்ந்தனர். ஊரில் உள்ளவர்களிடம், விடுமுறைக்குப் போவதாகத்தான் பேச்சு!

பெரிய பெரிய டாக்டர்கள் இருக்கும் ஹார்லி தெருவில், 146ம் எண் கட்டடத்தில், ஓர் அறை பிடித்தார் லோக். ஆரம்பத்தில் வந்தவர்கள் குறைவு. போகப்போகக் கூட்டம் சேர்ந்தது. பணக்காரர்களிடம் வாங்கிய கட்டணத்தை வைத்து, ஏழைகளுக்கு இலவசமாகப் பயிற்சி தந்தார்.

இந்த சமயத்தில், இன்னொரு வீட்டில் இன்னொரு மனைவியும் கவலைப்பட்டுக் கொண்டிருந்தார். அவர் பெயர் எலிசபெத். அவருடைய கணவர் ஆல்பர்ட், இங்கிலாந்து மன்னரின் இரண்டாவது மகன். சிறுவயது முதலே அவருக்குத் திக்கல் இருந்தது. 1925ம் ஆண்டு, வெம்ப்ளி கண்காட்சியின் நிறைவு விழாவில், அத்தனை பேர் முன்னால் பேச முடியாமல் தவித்தார். பல பேரிடம் சிகிச்சை பெற்றும் பலனில்லை. மனம் வெறுத்துப் போயிருந்தவரை, இன்னும் ஒரே ஒருமுறை முயற்சி செய்யும்படி தூண்டியவர் எலிசபெத்.

1926ம் ஆண்டு, அக்டோபர் மாதம், இளவரசர் லோக்கின் அறைக்கு வந்தார். மூச்சும் குரலும் சேர்ந்து வேலை செய்யாததுதான் குறை என்று கண்டுபிடித்தார் லோக். தினமும் ஒரு மணி நேரம் மூச்சுப் பயிற்சி, நாக்கு சுழலும் வாக்கியங்கள் என்று பயிற்சி நடந்தது. இளவரசர் ஒருநாளும் சலிக்கவில்லை. எலிசபெத்தும் பலமுறை கூடவே வந்தார். 1927ம் ஆண்டு, மே 9ம் தேதி, ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், புதிய நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறந்து வைத்து இளவரசர் நல்லபடியாகப் பேசினார். லோக் விட்டு வந்த அதே நாட்டில்!

1936ம் ஆண்டு, அண்ணன் எட்டாம் எட்வர்டு பதவி விலகியதால், ஆல்பர்ட் ஆறாம் ஜார்ஜ் என்ற பெயரில் மன்னரானார். 1937ம் ஆண்டு நடந்த முடிசூட்டு விழாவுக்கும் லோக்தான் பயிற்சி கொடுத்தார். அந்த விழாவில், மிர்ட்டிலும் கணவரோடு அமர்ந்திருந்தார்.

1939ம் ஆண்டு, செப்டம்பர் 3ம் தேதி, இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும், மன்னர் வானொலியில் மக்களிடம் பேசினார். அப்போதும் லோக் அருகில் இருந்தார். மன்னரின் திக்கல் முழுவதும் மறைந்துவிடவில்லை. ஆனால், அதைப் பார்த்து ஓடி ஒளிவதை அவர் நிறுத்திவிட்டார்.

மன்னரின் கிறிஸ்துமஸ் உரைகளுக்காக, பண்டிகை நாளிலும் லோக் அரண்மனைக்குப் போய்விடுவார். மிர்ட்டில் அவர் இல்லாமல்தான் பண்டிகை கொண்டாடுவார். 1944ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, உதவி இல்லாமலே மன்னர் பேசினார். லோக் தன் வீட்டில் இருந்து அதைக் கேட்டார். அடுத்த ஆண்டு, ஜூன் மாதம் மிர்ட்டில் மறைந்தார். அவரோடு சேர்ந்து கொண்டாடிய கடைசி கிறிஸ்துமஸ் அதுதான். 1952ம் ஆண்டு மன்னரும், 1953ம் ஆண்டு, ஏப்ரல் 12ம் தேதி லோக்கும் காலமானார்கள்.

பேச்சுப் பயிற்சி என்பது இன்று கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கும் தொழிலாக வளர்ந்துவிட்டது. பலர் வேறு வேலையை விட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகும் இதைப் படிக்கின்றனர். அப்படி அம்மாவோ அப்பாவோ உங்கள் வீட்டில் படித்தால், மிர்ட்டில் மாதிரி நீங்களும் கொஞ்சம் உதவி செய்யுங்கள். வகுப்பில் யாராவது திக்கினால், அவர்கள் சொல்லி முடிக்கும் வரை காத்திருங்கள். என்ன குட்டீஸ், செய்வீர்கள்தானே!