வாஞ்சிநாதனும் பெல்ஜியத்துக் கைத்துப்பாக்கியும்

செங்கோட்டையில் இரகுபதி ஐயருக்கும் ருக்மணி அம்மாளுக்கும் 1886ஆம் ஆண்டில் மகனாகத் தோன்றியவர் வாஞ்சிநாதன். சங்கரன் என்பது அவருடைய இயற்பெயர். திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் பணியாற்றிய அவருக்கு அமைதியான இல்லறமும் பொன்னம்மாள் என்னும் இளம் மனைவியும் வாய்த்திருந்தனர். அத்தகையவர் துப்பாக்கி ஏந்தியது ஏன் என்பதை ஆராயப் புகின், தூத்துக்குடித் துறைமுகத்தையே நாம் முதலில் நோக்குதல் வேண்டும்.

1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் இரண்டு இலட்சம் ரூபாய்க்கு 8000 பங்குகளை வாங்கி அதற்குத் தோள்கொடுத்த வரலாறு நம் மாணவர் பலரும் அறியாதது. 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். நெல்லையில் எழுந்த கிளர்ச்சியில் நால்வர் குண்டுக்கு இரையாயினர். அந்நாளில் தூத்துக்குடியில் உதவி ஆட்சியராக இருந்தவரே ஆஷ். நீலகண்ட பிரம்மச்சாரியின் இரகசியச் சங்கத்தில் சேர்ந்த வாஞ்சி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வ.வே.சு.ஐயரிடம் சுடும் பயிற்சி பெற்றார்.

அவர் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரவுனிங். அதனை வடிவமைத்த ஜான் பிரவுனிங்கோ அமெரிக்கர். அவருடைய படைப்புகளைத் தாய்நாட்டில் கோல்ட் நிறுவனமும், ஐரோப்பாவில் லியேஜ் நகருக்கு அருகிலுள்ள எப்.என். ஆலையும் உருவாக்கின. அவருடைய புகழ்பெற்ற இராணுவக் கைத்துப்பாக்கியை அமெரிக்கப் படை ஏற்றது 1911 மார்ச் 29 அன்று. அது பின்னர் நார்வேயிலும் அர்ஜென்டினாவிலும்கூடச் செய்யப்பட்டது. அவர் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் பெல்ஜியத்தில் நிறைவுற்ற மற்றொரு வடிவம் கனடா சென்று, விடுதலை பெற்ற இந்தியாவின் இச்சாப்பூர் ஆலையையும் வந்தடைந்தது. ஆயுதத்துக்குத் தாய்நாடு ஏது!

கோடையில் மலையேறுவது வெள்ளை அதிகாரிகளின் வழக்கம். நம் சேர்வராயன் மலையில் ஏற்காட்டுப் பங்களாக்களும் அவ்வழக்கத்தின் எச்சங்களே. 1911 ஜூன் 17 அன்று கோடைக்கானல் செல்லப் புறப்பட்ட ஆஷ், மணியாச்சிச் சந்திப்பில் மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்தார். முற்பகல் பத்தரை மணியளவில் உள்ளே நுழைந்த வாஞ்சி, மனைவியின் கண்ணெதிரே அவரைச் சுட்டார். பின் நடைமேடைக் கழிவறைக்குள் ஓடித் தம் வாயில் சுட்டுக்கொண்டு மாய்ந்தார். அகவை இருபத்தைந்து.

அவர் சட்டைப்பையில் கிடைத்த கடிதத்தின் சமயச் சொற்கள் இன்றும் விவாதத்துக்கு உரியன. அவற்றை மறைப்பதும் அவற்றையே முழு வாஞ்சி எனக் கொள்வதும் நமக்கு உடன்பாடன்று. உடன்வந்த மாடசாமி இறுதிவரை அகப்படவில்லை. நீலகண்டர் ஏழாண்டுச் சிறை பெற்றார். மணியாச்சி இன்று வாஞ்சி மணியாச்சி. ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் உள்ளது.