சூசன்னா வெஸ்லி அம்மையார்

இல்லத்தையே பள்ளியாகவும் ஆலயமாகவும் ஆக்கிய ஒரு தாயை நாம் ஈண்டு நினைவுகூர்கிறோம். 1669இல் இலண்டனில் பிறந்த சூசன்னா, 1688இல் சாமுவேல் வெஸ்லி குருவானவரை மணந்து பத்தொன்பது மக்களை ஈன்றார். அவர்களுள் ஒன்பதின்மர் குழவிப் பருவத்திலேயே மறைந்தனர். 1705இல் கணவர் கடனுக்காகச் சிறைப்பட்டார். 1709இல் எப்வொர்த் ஊரில் அவர்கள் வாழ்ந்த குருமனை தீக்கிரையாயிற்று.

இத்துணை இடர்களிலும் அம்மையார் பிள்ளைகளின் கல்வியைக் கைவிட்டாரல்லர். ஐந்து வயது நிரம்பியதும் எழுத்தறிவித்தார். ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே வாசிப்புப் பாடமாயிற்று. நன்கு வாசிக்கக் கற்குமுன் பெண்மக்களை வேலையில் அமர்த்தலாகாது என்பது அவர் வகுத்த விதி. வாரத்தின் மாலைகளைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டு, ஒவ்வொருவரோடும் தனித்தமர்ந்து இறைவனைப் பற்றி உரையாடினார். வியாழன் மாலை யோவானுக்குரியது. அவர் ஆக்ஸ்போர்டில் ஆசிரியரான பின்னரும் அம்மாலைப் பொழுதை நாடித் தாய்க்கு மடல் வரைந்தார். மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த அவரே 1774இல் அடிமை முறையைக் கண்டித்து நூல் வெளியிட்டார். இளையவர் சார்லஸ் ஆயிரக்கணக்கான கீர்த்தனைகள் இயற்றினார். அம்மையார் 1742இல் இறைவனடி சேர்ந்தார்.

அவரோ கற்றவர்; நம் அன்னையருள் பலர் பள்ளி வாயிலை மிதித்திலர். ஆயினும், ஒரு பிள்ளைக்கென ஒரு மாலையை ஒதுக்குவதற்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை. மகளை வேலைக்கு அனுப்புமுன் வாசிக்க வைப்பதற்கு உறுதி ஒன்றே வேண்டும். அவ்வுறுதியை நாம் ஏற்போமாக.