வெயிலைத் திரட்டிய விஞ்ஞானி

எங்கள் வீட்டு மாடியில் வடகம் காய வைக்கும் நாட்களில், நிழல் நகர நகரப் பாட்டியும் பாயை நகர்த்திக்கொண்டே இருப்பார். சிறிது வெயில் வீணானாலும் அவருக்குப் பொறுக்காது. அவரைப் பார்க்கும்போதெல்லாம், வெயிலை வீணாக்காமல் திரட்டிப் பயன்படுத்திய ஒரு தமிழரின் நினைவு எனக்கு வரும். அவர்தாம் கே. எஸ். கிருஷ்ணன்.

இவர் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தார். திருவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பை முடித்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் கல்கத்தா சென்று சர் சி. வி. இராமனின் ஆராய்ச்சிக்குத் துணையானார்.

திரவங்களில் பட்டுச் சிதறும் ஒளியில், நிறம் மாறிய ஒளியும் சிறிதளவு இருப்பதை அவர்கள் தேடினர். அது மிக மங்கலானது. சாதாரண வெயிலில் கண்ணுக்குப் புலப்படாது. எனவே 18 சென்டிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி வில்லையால் வெயிலைத் திரட்டி, மற்றொரு சிறிய வில்லையால் மேலும் குவித்தனர். சுமார் 60 திரவங்களைச் சோதித்தனர். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட இராமன் விளைவு இவ்வாறு பிறந்ததே. இராமன் 1930-இல் நோபல் பரிசு பெற்றார்.

நாடு விடுதலை பெற்ற 1947-இல், டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார் கிருஷ்ணன். அவருடைய தலைமைக் காலத்தில், 1950-களில், அங்குள்ள விஞ்ஞானிகள் சூரிய அடுப்பு ஒன்றை உருவாக்கினர். பளபளப்பான அலுமினியத் தட்டு ஒன்று, தன்மேல் விழும் வெயிலைப் பாத்திரத்தின் மீது குவிக்கும். விறகு வேண்டாம், புகையும் இல்லை. ஆயினும் அது வீடுகளில் பரவவில்லை.

ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பாட்டியிடம் இதைச் சொன்னேன். கொளுத்தும் வெயிலில் நின்றுகொண்டு அதைத் திருப்பிக்கொண்டே இருப்பது யார் என்று உடனே கேட்டார். இரவுச் சோற்றுக்கு என்ன வழி என்றும் கேட்டார். உண்மையில் அந்த அடுப்பின் குறைகள் அவையே! வெயிலைத் திரட்டினால் மட்டும் போதாது, சமைப்பவரின் சிரமத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

பின்வந்தோர் அதை எண்ணிப் பார்த்தனர். 2002-இல் திருமலையில், சூரியனைப் பார்த்துத் தாமே திரும்பும் பெரிய தட்டுகள் வெளியே அமைக்கப்பட்டன. வெயிலால் உண்டாகும் நீராவி குழாய் வழியே சமையலறைக்குள் வரும். நாளொன்றுக்குச் சுமார் 15,000 பேருக்குச் சமைக்க ஏற்ற அமைப்பு அது. சமைப்பவர் நிழலிலேயே நிற்கலாம்.

கிருஷ்ணன் 1954-இல் பத்மபூஷண் விருதும், 1958-இல் முதல் பட்நாகர் பரிசும் பெற்றார். 1961 ஜூன் மாதம் மறைந்தார்.

அன்புத் தோழியரே! நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அதைத் திரட்டும் வழியை நூல்களில் கற்போம். யாருக்காகத் திரட்டுகிறோம் என்பதை நம் வீட்டுப் பாட்டிமாரிடம் கேட்டுக் கற்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, படாளம்