பட்டு அங்கிப் பயில்வான்

கோதாவில் இறங்கும் பயில்வானுக்கு என்ன உடை வேண்டும்? இடுப்புக்கு ஒரு ஜட்டி, காலுக்கு ஒரு ஜோடி பூட்ஸ், அடிபட்ட முழங்காலுக்கு ஒரு பட்டை. இவ்வளவு போதும். அமெரிக்காவில் பல்லாண்டு காலம் பயில்வான்கள் இப்படித்தான் வந்தார்கள், சண்டை போட்டார்கள், போனார்கள்.

ஒருவர் மட்டும் பட்டு அங்கி அணிந்து வந்தார். தலைமுடியைச் சுருட்டி, வெள்ளிப் பொன் நிறச் சாயம் ஏற்றி, அதில் தங்க முலாம் பூசிய ஹேர்பின்களைச் செருகிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்ததும் கூட்டம் சீறியது, கேலி செய்தது. மறு வாரமும் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்து மறுபடி சீறியது!

அவர் பெயர் கார்ஜியஸ் ஜார்ஜ். “சொக்க வைக்கும் அழகன் ஜார்ஜ்” என்று பொருள். அந்த அங்கி அவருக்குப் பேரும் பணமும் தந்தது. வயதான காலத்தில் அவரை விடாமல் பிடித்துக்கொண்டதும் அதே அங்கிதான்.

துறைமுகத்து ஊர்ப் பையன்

அவருடைய இயற்பெயர் ஜார்ஜ் ரேமண்ட் வாக்னர். 1915-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி நெப்ராஸ்கா மாநிலத்தில் பியூட் என்ற சின்னஞ்சிறு ஊரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். பிழைப்பைத் தேடி ஊர் ஊராக மாறிய பெற்றோர், கடைசியில் டெக்சாஸ் மாநிலத்துத் துறைமுக நகரமான ஹூஸ்டனில் குடியேறினார்கள்.

அங்கே சிறுவன் ஜார்ஜ் தோழர்களுடன் மண்ணில் புரண்டு குஸ்தி பழகினான். பதினான்கு வயதில் படிப்பை நிறுத்திவிட்டுக் கிடைத்த வேலைகளைச் செய்தான். திருவிழாக் கொட்டகைகளில் குஸ்தி போட்டான். ஜெயித்தால் சில்லறைக் காசு கிடைக்கும். தோற்றால் அதுவும் இல்லை.

பயில்வான் என்றால் மலை போன்ற உடம்பு வேண்டும் என்பார்கள். ஜார்ஜுக்கு அது வாய்க்கவில்லை. வளர்ந்த பிறகும் உயரம் 5 அடி 9 அங்குலம்தான்; எடை சுமார் 215 பவுண்டு. பிடிகள் எல்லாம் சுத்தமாகத் தெரியும். திறமைசாலி என்று சக பயில்வான்கள் ஒப்புக்கொண்டார்கள். என்ன பயன்? கொட்டகையை நிரப்ப அந்தத் திறமை போதவில்லை. ஊருக்கு ஊர் அவரைப் போல் நூறு பயில்வான்கள் இருந்தார்கள்.

தொழில்முறை மல்யுத்தம் என்பது பாதி வித்தை, பாதி நாடகம். யார் ஜெயிப்பது, யார் தோற்பது என்று பெரும்பாலும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். எனவே அங்கே பயில்வானின் விலையை நிர்ணயிப்பது வெற்றி அல்ல. ஜனங்கள் அவனைப் பார்க்க வருகிறார்களா என்பதுதான். இந்தச் சூட்சுமத்தை ஜார்ஜ் நன்றாகப் புரிந்துகொண்டார்.

மனைவி செய்த உதவி

1939-ம் ஆண்டு ஆரிகன் மாநிலத்தில் யூஜீன் என்ற ஊரில் பெட்டி ஹேன்சன் என்ற பெண்ணை ஜார்ஜ் மணந்தார். கல்யாணம் எங்கே நடந்தது தெரியுமா? மல்யுத்தக் கோதாவின் நடுவிலே! கூட்டம் அலைமோதியது. இது நல்ல வியாபாரமாக இருக்கிறதே என்று, அதே தம்பதிகள் வேறு ஊர்களிலும் அதே கல்யாணத்தைத் திரும்பத் திரும்ப நடத்திக் காட்டினார்கள்.

பெட்டி கெட்டிக்காரப் பெண். தையல் வேலை அவர் வீட்டில் கைவந்த கலை. அவரும் அவருடைய தாயாரும் சேர்ந்து ஜார்ஜுக்குப் பளபளக்கும் அங்கிகள் தைத்துக் கொடுத்தார்கள். மற்ற பயில்வான்கள் உடம்பில் சூடு ஆறாமல் இருக்கத் துண்டையோ சாதாரண அங்கியையோ போர்த்திக்கொள்வார்கள். ஜார்ஜின் அங்கியோ ராணிக்குத் தைத்தது போல் இருந்தது.

அதைக் கழற்றுவதில்தான் விஷயம் இருந்தது. அவர் அவசரப்படமாட்டார். மெல்லக் கழற்றுவார், தூசி தட்டுவார், மடிப்புக் கலையாமல் மடிப்பார். எதிராளி காத்திருப்பான். ஜனங்கள் பொறுமை இழந்து கத்துவார்கள். கத்தக் கத்த, இவர் இன்னும் நிதானமாக மடிப்பார். சண்டை தொடங்கும் முன்பே கொட்டகை கொதித்துப் போய்விடும். ஒரு பிடி போடாமலே ஊரைக் கூட்டலாம் என்பதை அந்த அங்கி அவருக்குக் கற்றுக் கொடுத்தது.

இந்த யோசனை முழுக்க அவருடையதே என்று சொல்ல முடியாது. லார்ட் லான்ஸ்டவுன் என்ற பெயரில் ஒரு பயில்வான் இவருக்கு முன்பே பிரபு வேஷம் போட்டு, பணியாள் புடைசூழ வந்து கொண்டிருந்தார். ஹூஸ்டனில் ஜார்ஜுடன் பழகிய ஸ்டெர்லிங் டேவிஸ், மெக்சிகோவில் கார்டீனியா மலர்களைக் கூட்டத்தில் வீசிப் பெயர் வாங்கினார். இவற்றையெல்லாம் எடுத்து ஒன்றாக்கி, உச்சத்துக்குக் கொண்டு போனவர் ஜார்ஜ்.

கோதா பிரவேசம்

1940-களின் நடுவில் அவருடைய கோதா பிரவேசமே ஒரு தனிக் காட்சியாகிவிட்டது. முதலில் எல்கர் என்ற ஆங்கில இசை மேதையின் கம்பீரமான ராஜநடை இசை ஒலிக்கும். பிறகு, கோட்டும் சூட்டும் அணிந்த பணியாள் ஒருவர் வெள்ளிக் கண்ணாடியை ஏந்தி வருவார். கம்பளம் விரிப்பார். தெளிப்பானை எடுத்துக் கோதா முழுவதும் வாசனைத் திரவியம் அடிப்பார். எதிராளி நிற்கும் மூலைக்கும் ஒரு தெளிப்பு உண்டு. பயில்வான்களிடம் ஒளித்து வைத்த ஆயுதம் ஏதும் இருக்கிறதா என்று நடுவர் தடவிப் பார்ப்பது வழக்கம் அல்லவா? அந்த நடுவரின் கைகளுக்கும் மருந்து தெளித்த பிறகுதான் ஜார்ஜ் தம்மைத் தொட விடுவார்!

அதற்கும் பிறகே அவர் தோன்றுவார். லவண்டர் நிறம், ரோஜா நிறம், சரிகை, ஜிகினா, மென்மயிர் ஓரம் என்று நாளுக்கு ஓர் அங்கி. அவரிடம் நூறுக்கு மேல் அங்கிகள் இருந்தன என்பார்கள். தலையிலிருந்து ஹேர்பின்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டத்தில் வீசுவார். திட்டிய கைகளே அவற்றைப் பிடிக்கப் போட்டி போடும். இத்தனை சடங்குக்கும் ஆகும் நேரம் பல நாட்களில் சண்டையின் நேரத்தைவிட அதிகமாக இருந்தது.

சண்டையிலோ அவர் வெட்கமில்லாத மோசக்காரர். நடுவர் பாராத வேளையில் குத்துவார். அடி விழுந்தால் ஓடுவார். இந்த அலங்காரப் பொம்மை உதைபடுவதைக் காண வேண்டும் என்றே ஜனங்கள் வந்தார்கள்.

டெலிவிஷன் தந்த யோகம்

1947-ம் ஆண்டு நவம்பர் 11-ந் தேதி ஜார்ஜ் முதன் முதலாக டெலிவிஷனில் தோன்றினார். அப்போது டெலிவிஷன் கைக்குழந்தை. நிலையங்களிடம் நிகழ்ச்சிகளும் இல்லை, பணமும் இல்லை. மல்யுத்தம் அவர்களுக்கு வசதியாக அமைந்தது. இடம் சிறியது, விளக்கு வெளிச்சம் ஏற்கெனவே இருக்கிறது, ஓரிரண்டு காமிராக்கள் போதும்.

அன்றைய டெலிவிஷன் கறுப்பு வெள்ளை. லவண்டர் நிறமும் ரோஜா நிறமும் அதில் தெரியாது. பட்டின் மினுமினுப்பும் ஜிகினாவின் ஒளியும் தெரியும். சாயம் ஏற்றிய தலைமுடி தீபம் போல் பளிச்சிடும். சிறிய மங்கலான திரையில் மற்ற பயில்வான்கள் எல்லோரும் ஒரே மாதிரி தெரிந்தார்கள். ஜார்ஜ் ஒருவரைத்தான் குழந்தைகூட அடையாளம் கண்டுகொள்ளும். டெலிவிஷன் பெட்டி விற்பனைக்கே அவர் ஒரு காரணம் என்று பேசிக்கொண்டார்கள்.

1949 பிப்ரவரியில் நியூயார்க்கின் புகழ்பெற்ற மாடிசன் சதுக்க அரங்கில் 12 ஆண்டுகளுக்குப் பிறகு மல்யுத்தம் நடந்தபோது, முக்கிய ஆட்டம் அவருடையது. 1950-ல் டான் ஈகிள் என்ற வீரரை வென்று பாஸ்டன் வட்டாரத்து உலக சாம்பியன் பட்டத்தையும் பெற்றார். ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. அதே 1950-ல் சட்டப்படி தம் பெயரையே கார்ஜியஸ் ஜார்ஜ் என்று மாற்றிக்கொண்டார். அன்றோடு ஜார்ஜ் வாக்னர் என்ற மனிதர் காகிதத்திலும் மறைந்தார். வேஷம் மட்டும் மிஞ்சியது.

வயது ஏறியது

பயில்வானுக்கு வயது ஏறினால் முதலில் தெரிவது உடம்பில். தோள் சரியும், வயிறு முன்னே வரும், முழங்கால் மறுக்கும். ஜார்ஜுக்கும் இது நேர்ந்தது. குடிப் பழக்கம் அதை விரைவுபடுத்தியது.

இந்தச் சமயத்தில் அங்கி அவருக்குக் கவசமாயிற்று. கழுத்திலிருந்து கணுக்கால் வரை புரளும் பட்டுக்குள்ளே நாற்பது வயதைத் தாண்டிய உடம்பு ஒளிந்துகொண்டது. கால் ஓடாவிட்டால் என்ன? கம்பளத்தில் மெதுவாக நடக்கலாம். பத்து நிமிஷம் மல்லுக்கு நிற்க முடியாவிட்டால் என்ன? பத்து நிமிஷம் அங்கியை மடிக்கலாம். வெறும் ஜட்டியோடு வந்த அவர் வயதுப் பயில்வான்கள் பலரை ரசிகர்கள் மறந்துவிட்டார்கள். ஜார்ஜின் பெயர் மட்டும் சுவரொட்டியில் பெரிய எழுத்தில் நின்றது.

ஆனால் மணி அடித்ததும் அங்கியைக் கழற்றித்தானே ஆகவேண்டும்! அதற்கு முன் கண்ட ராஜாவுக்கும், அதற்குப் பின் கண்ட களைத்த மனிதருக்கும் இடையே இருந்த தூரம் ஆண்டுக்கு ஆண்டு கூடியது. சாதாரண உடை உடுத்திய பயில்வானின் முதுமையை ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்வார்கள். ஜார்ஜின் முதுமையோ ஒவ்வோர் இரவும் திரை விலகுவது போல் ஒரே நொடியில் வெளிப்பட்டது.

அதற்குள் ரசனையும் மாறிவிட்டது. 1955-க்குள் அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் டெலிவிஷன் வந்தது. புதுப் புது நிகழ்ச்சிகள் பெருகின. மல்யுத்தம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அவரைப் பார்த்துச் சாயமும் அங்கியும் போட்டுக்கொண்ட பயில்வான்கள் ஊருக்கு ஊர் தோன்றினார்கள். பெட்டியுடன் வாழ்ந்த வாழ்வும் முறிந்தது. இரண்டாம் திருமணமும் நிலைக்கவில்லை. கலிபோர்னியாவில் வான்கோழிப் பண்ணை ஒன்றில் ஏராளமான பணத்தைப் போட்டார், அதுவும் கைகொடுக்கவில்லை.

முடி பந்தயம்

விற்பதற்கு இனி என்ன இருக்கிறது? தலைமுடி இருந்தது.

1959-ம் ஆண்டு மார்ச் 12-ந் தேதி கனடாவின் டொராண்டோ நகரில், அந்நாட்டு மக்களின் செல்லப் பயில்வான் விப்பர் பில்லி வாட்சனுடன் மோதினார். ஜார்ஜ் தோற்றால் கோதாவிலேயே மொட்டை என்பது நிபந்தனை. அவர் தோற்றார். மேபிள் லீஃப் அரங்கில் கூடியிருந்தவர்களும், டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஆரவாரிக்க, பேர்பெற்ற பொன் முடி கற்றை கற்றையாகக் கீழே விழுந்தது.

முடி மீண்டும் வளர்ந்தது. உடம்பு மட்டும் தேறவில்லை. ஈரல் கெட்டுவிட்டது, இனி கோதா கூடாது என்று டாக்டர்கள் கூறிவிட்டார்கள். 1962 நவம்பர் 7-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் அரங்கில் இன்னொரு முறை தம் முடியைப் பந்தயம் வைத்தார். எதிரே நின்றவர் ‘டெஸ்ட்ராயர்’ என்ற முகமூடி வீரர் டிக் பேயர். அவர் தோற்றால் முகமூடி கழற்றப்படும்; இவர் தோற்றால் முடி போகும். முடிதான் போயிற்று. 47 வயது மனிதர் மொட்டைத் தலையுடன் கோதாவை விட்டு இறங்கினார். அதன் பிறகு அவர் ஏறவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த பையன்

இதற்கு ஓராண்டுக்கு முன்பு, 1961 ஜூனில், லாஸ் வேகஸ் நகரில் ஜார்ஜின் ஆட்டத்தைப் பார்க்க ஒரு குத்துச்சண்டைப் பையன் வந்திருந்தான். வயது 19. அவனும் அதே ஊரில் சண்டைக்கு வந்தவன். வாய்ச் சவடாலும் அலங்காரமும் அரங்கை நிரப்பும் விதத்தை அவன் கண்கொட்டாமல் பார்த்தான். தன்னை வெறுப்பவனும் டிக்கெட் வாங்குவான் என்ற பாடத்தைப் படித்துக்கொண்டான். அந்தப் பையனின் பெயர் காசியஸ் கிளே. பின்னாளில் உலகம் அறிந்த முகம்மது அலி! இந்தக் கதையை அலியே பலமுறை சொல்லியிருக்கிறார். பாடகர் ஜேம்ஸ் பிரவுனும், சிறு வயதில் ஜார்ஜைக் கண்ட பாப் டிலனும் அவரிடமிருந்து பெற்றதை வெளிப்படையாகச் சொன்னவர்கள்.

அன்று அந்தப் பையன் பார்த்தது உச்சத்தில் இருந்த ஜார்ஜை அல்ல. நோயும் கடனும் வாட்டிய 46 வயது ஜார்ஜைத்தான். அந்த நிலையிலும் அங்கியும் நடையும் ஒரு மேதைக்கு வழிகாட்டப் போதுமானவையாக இருந்தன.

கடைசி அங்கி

கடைசி நாட்களில் லாஸ் ஏஞ்சல்ஸின் வான் நைஸ் பகுதியில் தம் பெயரால் நடந்த மதுக் கடையில் ஜார்ஜ் வந்தவர்களை வரவேற்றுக் கொண்டிருந்தார். 1963 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாரடைப்பு கண்டது. டிசம்பர் 26-ந் தேதி உயிர் பிரிந்தது. வயது 48. லட்ச லட்சமாகச் சம்பாதித்தவர் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

சவப்பெட்டி அவருக்குப் பிடித்த இள ஊதா நிறத்தில் அமைந்தது. உடலுக்கு அவருடைய அங்கிகளில் ஒன்றையே அணிவித்தார்கள். வடக்கு ஹாலிவுட்டில் வல்ஹல்லா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது.

2010-ம் ஆண்டு அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ. தன் புகழ் மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தது. மேடை ஏறி அவருக்குப் புகழ்மாலை சூட்டியவர் யார்? அன்று அவரை வென்று மொட்டையடிக்க வைத்த டிக் பேயர். அந்தக் கௌரவத்தை ஜார்ஜின் சார்பில் பெற்றுக்கொண்டவர் யார்? தொண்ணூறு வயதைக் கடந்துவிட்ட பெட்டி. முதல் அங்கிக்கு ஊசியில் நூல் கோத்த அதே பெட்டி!