யார் இந்த பெங்களூரு நாகரத்தினம்மாள்? பாட அனுமதி இல்லாத இடத்தில் சொந்தக் காசில் கோயில் கட்டியவர்!

ஒவ்வொரு வருஷமும் தை மாத வாக்கில் திருவையாறு காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கான இசைக் கலைஞர்கள் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகள் பாடுவதை டிவியில் பார்த்திருப்போம். ஆண்கள், பெண்கள் என எல்லாரும் சம்பளம் வாங்காமல் பாடும் விழா இது. ஆனா, அந்த சன்னதியைக் கட்டியது யார் காசு தெரியுமா? ஒரு பாடகியின் காசு. அந்தப் பாடகிக்கே அங்கே பாட முதலில் அனுமதி கிடைக்கவில்லை.

நஞ்சன்கூடு டு சென்னை

1878-ல் மைசூர் அருகே உள்ள நஞ்சன்கூட்டில் தேவதாசி குடும்பத்தில் பிறந்தவர் நாகரத்தினம்மாள். அப்பா கைவிட்டுவிட, அம்மா புட்டலட்சுமிதான் கஷ்டப்பட்டு வளர்த்தார். சின்ன வயதிலேயே சமஸ்கிருதமும் சங்கீதமும் கற்றுக்கொடுத்தார். பதின்ம வயதிலேயே அம்மாவும் இறந்துபோனார். அதன்பிறகு பாட்டுதான் பிழைப்பு.

மைசூர், பெங்களூரில் பெயர் வாங்கியவர், பிறகு சென்னை ஜார்ஜ் டவுனில் குடியேறினார்.

அன்றைய கலைஞர்களுக்கு வருமானம் எப்படி?

இன்று போல விளம்பரதாரர், அரசு உதவித்தொகை எதுவும் அப்போது கிடையாது. அரண்மனை, ஜமீன், பணக்கார வீட்டுக் கல்யாணம், அப்புறம் புதிதாக முளைத்த சபாக்கள், கிராமபோன் ரெக்கார்டு. அவ்வளவுதான். கச்சேரி இருந்தால் காசு, இல்லையென்றால் இல்லை.

தேவதாசி குடும்பத்துப் பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர்களைக் கூப்பிட்டு கச்சேரி வைப்பதற்கு எதிராகவே அப்போது பிரசாரம் நடந்தது. அந்தச் சூழலிலும் கச்சேரிகளால் நன்றாகச் சம்பாதித்து, வீடும் நகையுமாக வசதியாக இருந்தார் நாகரத்தினம்மாள்.

1910-ல் முத்துபழனி என்ற பெண் கவிஞரின் தெலுங்கு காவியமான 'ராதிகா சாந்த்வனம்' நூலைப் பதிப்பித்தார். ஆபாசம் என்று சொல்லி பிரிட்டிஷ் அரசு அதைத் தடை செய்தது.

வாழ்க்கையை மாற்றிய சேதி

1921-ல் அவருக்கு ஒரு சேதி வந்தது. 1847-ல் மறைந்த தியாகராஜரின் சமாதி கவனிப்பாரின்றி பாழடைந்து கிடக்கிறது என்பதுதான் அது. நாகரத்தினம்மாளின் குரு முனிசுவாமப்பா, தியாகராஜரின் சிஷ்ய பரம்பரையில் வந்தவர். அதனால் அவருக்கு இது குடும்ப விஷயம் மாதிரி.

நேரில் போய்ப் பார்த்தார். கையில இருந்த சேமிப்பை எடுத்தார், நகைகளை விற்றார். சன்னதி எழுந்தது. கும்பாபிஷேகமும் நடந்தது.

கட்டியவருக்கே தடை

தியாகராஜர் ஆராதனையை அப்போது பெரிய கட்சி, சின்ன கட்சி என இரண்டு கோஷ்டிகள் தனித்தனியாக நடத்தி வந்தன. பல விஷயங்களில் முட்டிக்கொண்ட இருவரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை: பெண்கள் பாடக் கூடாது!

நாகரத்தினம்மாள் ஒதுங்கிப் போகவில்லை. 1927-ல் பெண் கலைஞர்களைத் திரட்டி, சன்னதிக்குப் பின்பக்கம் தனியாக ஒரு ஆராதனையைத் தொடங்கினார். அதுதான் 'பெண்கள் கட்சி'. ஆண்கள் முன்னால் பாட, பெண்கள் பின்னால் பாடினார்கள். ஒரே சன்னதிக்கு மூன்று கோஷ்டி!

பல வருஷ இழுபறிக்குப் பிறகு, 1940 வாக்கில் மூன்று தரப்பும் ஒரே அமைப்பாக இணைந்தன. பெண்களும் ஒரே மேடையில் பாட வழி பிறந்தது.

கடைசிக் காலம்

பிற்காலத்தில் சென்னையை விட்டு திருவையாற்றிலேயே தங்கிவிட்டார். மிச்சமிருந்த சொத்தையும் ஒரு அறக்கட்டளை மூலம் தியாகராஜர் சன்னதிக்கே எழுதி வைத்தார். 1952 மே மாதம் திருவையாற்றிலேயே காலமானார்.

தியாகராஜர் சன்னதிக்குப் பக்கத்திலேயே அவருக்கும் சமாதி இருக்கிறது. கைகூப்பி உட்கார்ந்த நிலையில், தியாகராஜரைப் பார்த்தபடி இருக்கிறது அவரது சிலை.

ஏன் இவரை நினைக்க வேண்டும்?

கலைக்கு உதவுவது என்றால் ராஜா, ஜமீன்தார், பெரிய கம்பெனி என்றுதான் நினைப்போம். ஆனா, கச்சேரி பாடிச் சம்பாதித்த ஒரு கலைஞரே இங்கே புரவலராக இருந்திருக்கிறார். அதோடு, காசு கொடுப்பவருக்கு மேடை தானாகக் கிடைத்துவிடாது என்பதும் அவர் கதையில் தெரிகிறது. சன்னதி கட்ட சில வருஷங்கள்தான் ஆனது. அங்கே பெண்கள் சரிசமமாக உட்கார்ந்து பாட, அதற்குப் பிறகு சுமார் 15 வருஷம் ஆனது.